சீனப் பட்டுத் தையலுக்கு விலை சொல்வது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன். இரண்டு மூன்று இடங்களில் மட்டும் மறந்ததைச் சேர்த்தேன்.)



செயலாளர் போன் பண்ணி, "ஹாங்காங்கிலே நீங்க பண்ணின வேலையைப் பத்திப் பேசுங்க சார்" என்றார். நான் பண்ணின வேலை துணிகளில் சாயம் போகிறதா என்று சோதிப்பது. அதைப் பேசினால் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னாலேயே பாதிப் பேர் கிளம்பிவிடுவீர்கள். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை பார்த்த வேலையை விட்டுவிட்டு, சனிக்கிழமை வேலையைப் பற்றிப் பேசுகிறேன். பழைய சீனப் பட்டுப் பூவேலைகளைப் பார்த்து, இது எந்தக் காலத்தது, என்ன பெறும் என்று சொல்லும் வேலை.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இங்கிருந்து போனதும் பம்பாயில் ஒரு சாயக் கம்பெனி லேபில் சேர்ந்தேன். தங்கியது ஒரு பார்ஸி பாட்டி வீட்டில். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அந்தப் பாட்டி உடுத்தியிருந்த கத்தரிப்பூ நிறப் புடவையைப் பார்த்து அசந்துபோனேன். புடவை பூராவும் வெள்ளைப் பட்டு நூலில் பூ, பறவை, பாலம், குடை பிடித்த சீனாக்காரர்கள். "இது காரா. சைனா வேலை" என்றார் பாட்டி. பருத்தியும் அபினும் ஏற்றிக்கொண்டு கான்டன் போன பார்ஸி வியாபாரிகள் திரும்பி வரும்போது அங்கே தைத்து வாங்கிவந்த புடவை அது. அதில் வரும் உருவங்களுக்கு இவர்களே பேர் வைத்திருக்கிறார்கள். சீன மனிதர்கள் வந்தால் 'சீனா-சீனி'. சின்னதும் பெரிதுமாகப் புள்ளி வந்தால் 'காந்தா-பபேட்டா', அதாவது வெங்காயம் உருளைக்கிழங்கு! கான்டனில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தைத்தவனுக்கு அது தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பானோ.

நான் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன விலை பாட்டி?" பாட்டி பதில் சொல்லவில்லை. முந்தானையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். முன்பக்கம் போலவே அதுவும் சுத்தமாக இருந்தது. எனக்கு முதல் பாடம் அதுதான்.

1983-ல் ஹாங்காங் போனேன். பழம்பொருள் கடைகள் நிறைந்த ஹாலிவுட் ரோட்டில் ஒரு கடைக்காரர் பழக்கமானார். சாயம் தெரிந்தவன் என்பதால் சனிக்கிழமைகளில் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். அவருக்கு நான் பார்த்துச் சொன்னேன். எனக்கு அவர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு துண்டு கைக்கு வந்தால் நான் செய்வது இதுதான். முதலில் திருப்பிப் பார்ப்பேன். மெஷின் தையலில் மேலே ஒரு நூல், கீழே பாபின் நூல் என்று இரண்டு ஓடும். பின்பக்கத்தில் அந்தக் கீழ்நூல் தனியாகத் தெரியும்; தையலெல்லாம் ஒரே அளவாக இருக்கும். கைத்தையலில் நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவும், எங்காவது முடிச்சு விழும், ஒரு இதழ் நெருக்கமாகவும் அடுத்தது கொஞ்சம் தளர்ந்தும் இருக்கும். தைத்தவளுக்கு அன்று என்ன அவசரமோ. பின்பக்கம் அட்டையில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பாதி ஆட்கள் அழகுக்காக ஒட்டுகிறார்கள், மீதிப் பேர் மறைக்க ஒட்டுகிறார்கள்.

அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். தையலே இல்லாத ஒன்றைத் தையல் என்று கொண்டுவருவார்கள். அதற்குச் சீனாவில் கெஸி என்று பேர். படத்தைத் தறியிலேயே நெய்வது. ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் இடத்தில் ஊடை நூல்கள் ஒன்றோடொன்று சேராமல் அங்கங்கே கத்தியால் கீறினாற்போல் சின்னச் சின்ன இடைவெளி விழும். விளக்குக்கு முன் பிடித்தால் அந்தக் கீறல்கள் வெளிச்சக் கோடாகத் தெரியும். நல்ல கெஸி பல சமயம் தையலை விட உயர்ந்த சரக்கு. ஆகவே தெரியாமல் தையல் என்று சொல்லி விற்றவன் தன் காசைத்தான் இழப்பான்.

பிறகு சரிகை. நம் காஞ்சிபுரம் சரிகை என்றால் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூல்மேல் சுற்றி, தங்க முலாம் பூசுவது. சீனாக்காரர்கள் செய்தது வேறு. தங்கத் தகட்டைக் காகிதத்தில் ஒட்டி, அந்தக் காகிதத்தை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, பட்டு நூலைச் சுற்றினார்கள். இந்த நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் காகிதம் உரிந்துபோகும். அதனால் துணியின் மேலேயே படுக்கவைத்து, அங்கங்கே மெல்லிய பட்டு நூலால் கட்டி நிறுத்தினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், தேய்ந்த இடத்தில் தங்கம் போய்க் காகிதம் தெரியும். அதுவும் போன இடத்தில் உள்ளே இருக்கும் பட்டு தெரியும். அப்படித் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். தேயாமல் பளபளவென்று பிளாஸ்டிக் படலம் மின்னினால் அது இருபதாம் நூற்றாண்டின் நடுவிலோ அதற்குப் பிறகோ வந்த சரக்கு.

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருகிறேன், சாயம். 1856-ல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயசுப் பையன் ஈஸ்டர் லீவில் வீட்டில் கொய்னா செய்யப் பார்த்து, அது வராமல் ஊதாச் சாயம் வந்த கதையை நம் புரொபசர் சொல்லியிருக்கிறார். நாமும் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். அந்தக் கதை எனக்குச் சோறு போடும் என்று அப்போது தெரியாது. அதற்கு முன்னால் சீனாவில் நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பகோடா மரத்து மொட்டு, சிவப்புக்குக் குசும்பாப் பூவும் சப்பன் கட்டையும். ஐரோப்பாவில் செய்த செயற்கைச் சாயம் சில வருஷங்களிலேயே சீனாவுக்கும் வந்துவிட்டது. கண்ணைப் பறிக்கும் ஊதாவும் ரோஸும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கால உடைகளில் நிறைய இருக்கும். ஒருத்தர் வந்து, "இது சியன்லுங் சக்கரவர்த்தி காலம்" என்கிறார். அந்தச் சக்கரவர்த்தி ஆண்டது 1736 முதல் 1795 வரை. தையலிலோ பெர்கின் வழிவந்த ஊதா. அவர் என்ன பத்திரம் காட்டினாலும், அந்தத் தையல் அறுபது வருஷமாவது பிந்தியது. ஆனால் ஒன்று, செயற்கைச் சாயம் இருப்பதால் அது போலி ஆகிவிடாது. சொன்ன தேதி தப்பு, அவ்வளவுதான். 1880-ல் நேர்மையாகத் தைத்த ஒரு நல்ல பாவாடை 1880-ஐச் சேர்ந்த நல்ல பாவாடைதான்.

பழசாக்கிக் காட்டுவதற்கு டீத் தண்ணியில் முக்கி எடுப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். வெயிலும் வெளிச்சமும் மடிப்புக்கு உள்ளே போகாது. அசல் பழசில் உள்மடிப்புக்குள் பார்த்தால் நிறம் நேற்றுப் போட்டதுபோல் இருக்கும். டீயில் முக்கினது உள்ளும் வெளியும் ஒரே பழுப்பு. புற ஊதா விளக்கிலும் பார்ப்பேன். வெண்மையூட்டி கலந்த புது நூல் நீலவெள்ளையாக ஒளிரும். ஆனால் அந்த வெண்மையூட்டி சலவைத்தூளிலும் இருக்கிறது. யாராவது புண்ணியவதி நூறு வருஷத்துப் பட்டைச் சோப்புத் தூளில் அலசியிருந்தால் அசலும் ஒளிரும். விளக்கு சொல்வதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

கடைக்காரர்கள் சொல்லும் கதைகளில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மணி மணியாக முடிச்சுப் போட்டுப் பூவை நிரப்பும் ஒரு தையல் உண்டு. மேல்நாட்டுக்காரர்கள் அதற்கு 'தடைசெய்யப்பட்ட தையல்' என்று பேர் வைத்தார்கள். தைத்துத் தைத்துப் பெண்களுக்குக் கண் போனதால் சக்கரவர்த்தி தடை போட்டார் என்று கதை. சீனாவில் அதன் பேர் 'டாஸி', விதை போடுவது என்று அர்த்தம். விதை போட்டதுபோல் இருப்பதால் விதை, அவ்வளவுதான். தடை என்ற பேர் மேல்நாட்டு வியாபாரத்தில் பிறந்தது. அந்தக் கதைக்காக யாராவது கூடுதலாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு மேடை ஏறினேன்.

சீன அரசு அதிகாரிகள் மேலங்கியின் நெஞ்சிலும் முதுகிலும் ஒரு சதுரத் துண்டு தைத்துக்கொள்வார்கள். மிங் அரசர்கள் 1391-ல் கொண்டுவந்த வழக்கம்; பிறகு வந்த சிங் அரசர்கள் 1652-ல் மறுபடி சட்டமாக்கினார்கள். சிவில் அதிகாரிக்குப் பறவை, ராணுவ அதிகாரிக்கு மிருகம். ஒன்பது படிகள். சிவிலில் முதல் படி நாரை, மூன்றாவது மயில், நாலாவது காட்டு வாத்து, ஆறாவது வெண்கொக்கு, எட்டாவது காடை. எதிரே வருகிறவர் நெஞ்சைப் பார்த்தே எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஆபீஸ்களில் அறைக்கு வெளியே பேர்ப்பலகை மாதிரி. மனைவிமார்களும் கணவன் படிக்குரிய பறவையைப் போட்டார்கள், ஆனால் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். இருவரும் அருகருகே உட்கார்ந்தால் பறவைகள் ஒன்றையொன்று பார்க்கும். சிங் காலத்து மேலங்கி முன்பக்கம் திறக்கும் என்பதால், நெஞ்சுச் சதுரம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். முதுகுச் சதுரம் முழுசாக இருக்கும். ஜோடியாகக் கிடைத்தால் விலை நன்றாகக் கூடும்.

1989-ல் ஒரு சனிக்கிழமை. எழுபது வயசு இருக்கும், ஒரு சீன அம்மா கடைக்கு வந்தார். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய இரண்டு சதுரங்கள். ஒன்று முழுசு, ஒன்று பிளந்தது. காட்டு வாத்து. பாட்டனார் காலத்தில் போட்டது என்றார். நான் லென்ஸை எடுத்தேன். அலையும் மேகமும் துணியிலேயே தைத்திருந்தது. பறவை மட்டும் தனியாகத் தைத்து, வெட்டி, மேலே வைத்துத் தைத்திருந்தது. நான் உடனே கடைக்காரரிடம் இங்கிலீஷில், "பறவையை மாத்தியிருக்காங்க. சின்னப் படியை எடுத்துட்டுப் பெரிய படி வெச்சிருக்காங்க, விலைக்காக" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். கடைக்காரர் ஒட்டுப்போட்ட சரக்குக்கு என்ன விலையோ அதைச் சொன்னார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கான்டனீஸில் ஏதோ கேட்டார். கடைப் பையன் மொழிபெயர்த்தான்: "அப்போ எங்க தாத்தா சொன்னது பொய்யான்னு கேக்கறாங்க." நான் தோளைக் குலுக்கினேன். அவர் காசை எண்ணாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நாலு வருஷம் கழித்து, ஒரு பெரிய சேகரிப்பில் இழுப்பறை இழுப்பறையாகப் பதவிச் சதுரங்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அதில் சில துண்டுகளில் அலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, சூரியன் இருக்கிறது, நடுவில் மட்டும் வெறும் துணி. பக்கத்திலேயே தனிப் பறவைகள். எனக்குக் கை வேர்த்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சதுரத்தைப் பறவை இல்லாமல் தைத்துக் கடையில் வைப்பார்களாம். வாங்குகிறவர் தன் படிக்கேற்ற பறவையை வாங்கிப் பதித்துக்கொள்வார். காரணம் இருக்கிறது. 1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கலகத்தில் கஜானா காலியாகி, அரசாங்கம் காசுக்குப் பதவிப் படிகளைத் தாராளமாக விற்றது. பணம் சேர்ந்தால் மேல்படி வாங்கலாம்; வாங்கினால் பறவை மாறும். சதுரம் முழுவதையும் மறுபடி தைப்பதை விடப் பறவையை மாற்றுவது சுலபம்.

அப்படியானால் அந்த அம்மாவின் தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் போட்ட சட்டையில் இருந்தபடியே அது இருந்தது. முழுசு ஒன்றும் பிளந்தது ஒன்றுமாக ஜோடி வேறு. என் கண் முன்னால் இருந்த அந்தச் சாட்சியை நான் பார்க்கவில்லை. ஒட்டுத் தையலைப் பார்த்ததும் மூளை முடிவுக்கு வந்துவிட்டது, கண் அதோடு நின்றுவிட்டது.

கடைக்கு ஓடினேன். ஜோடியை ஒரு டூரிஸ்ட் அந்த வருஷமே வாங்கிப் போயிருந்தார். அந்த அம்மாவின் விலாசத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பையனை அனுப்பி விசாரித்தோம், பயனில்லை. பணத்தையாவது ஒருவழியாகக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம். அவர் கேட்ட கேள்விக்கு நான் தோளைக் குலுக்கினேனே, அதை என்ன செய்வது? அவருக்கு இன்று வயசு நூறைத் தாண்டியிருக்கும். "இல்லம்மா, உங்க தாத்தா உண்மையைத்தான் சொன்னார்" என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அப்படி என்றால், பறவை பதித்தது எல்லாம் அசலா? இல்லை. நாரைக்கு விலை அதிகம் என்பதால், வியாபாரிகள் பிற்காலத்தில் மாற்றியதும் உண்டு. பறவையின் ஓரத்தை ஊசிமுனையால் துளி உயர்த்தி லென்ஸில் பார்க்க வேண்டும். கீழே துணி மழமழவென்று, நிறம் மங்காமல், ஊசித் துளையே இல்லாமல் இருந்தால் அந்த இடம் ஆரம்பத்திலேயே பறவைக்கென்று விட்டது. பழைய ஊசித் துளைகள் வேறொரு பறவையின் வடிவத்தில் தெரிந்தால் இரண்டு வழி உண்டு: பதவி உயர்வாகவும் இருக்கலாம், வியாபாரி கைவேலையாகவும் இருக்கலாம். அப்போது பதித்த நூலைப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள நூலோடு சேர்ந்து அழுக்கும் நிறமும் ஏறியிருந்தால் உயர்வு. புது நூலாக இருந்தால் வியாபாரி. இதற்கெல்லாம் இரண்டு நிமிஷம் போதாது. டி.வி.யில் ஒரு நிபுணர் தட்டில் வைத்ததைப் பார்த்து ஒரு மூச்சில் விலை சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வரும்.

அதற்கப்புறம் நான் காகிதத்தில் மூன்று பகுதியாக எழுதுவேன். கண்ணால் கண்டது ஒன்று, அதிலிருந்து நான் நினைப்பது ஒன்று, விலை கடைசி. கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது. "விலையை மட்டும் சொல்லுங்க சார்" என்பார்கள். முதல் பகுதியில் நாலு வரி இல்லாமல் மூன்றாவதை எழுதுவதில்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி, "இதெல்லாம் கோடிக்குப் போகுமா சார்?" என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். போகும் தம்பி. மிங் அரசர் யுங்லோ காலத்தில், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பட்டில் தைத்த ஒரு திபெத்திய வழிபாட்டுத் திரை இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். 2002-ல் ஹாங்காங் ஏலத்தில் 3.07 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. 2014-ல் அதே ஊரில் 34.84 கோடி ஹாங்காங் டாலர். பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு மடங்குக்கு மேல். அதில் யுங்லோ அரசர் வழங்கியது என்று எழுத்தே தைத்திருக்கிறது. கிட்டத்தட்ட அறுநூறு வருஷம் ஆகியும் நிறம் அப்படியே இருக்கிறது. அந்த மாதிரி ஒன்று நம் கையில் வராது. நமக்கு வருவது பெண்கள் சட்டைக் கையின் ஓரப்பட்டி, பணப்பை, பாவாடைத் துண்டு. கைப்பட்டியில் ஒரு வேடிக்கை பாருங்கள், பல பட்டிகளில் ஒரு பாதியில்தான் நிறைய வேலை இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் வெளியே தெரியும் பாதி அது. தெரியாத பாதிக்கு எதற்கு வீண் நூல்! இந்தப் பட்டிகளை யாரும் கோடிக்கு வாங்கமாட்டார்கள். எனக்கு ராஜ உடையை விட இவைதான் பிடிக்கும்.

ராஜ உடை என்றதும் ஞாபகம் வருகிறது. டிராகன் அங்கியில் ஒன்பது டிராகன். எண்ணினால் எட்டுத்தான் கிடைக்கும். ஒன்பதாவது முன்மடிப்புக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அடி ஓரத்தில் சாய்ந்த கோடுகளாக அலை தைத்திருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அது குட்டையாக இருக்கும், 19-ஆம் நூற்றாண்டு முடிய முடிய உயரமாக நீண்டு நிற்கும். காலம் கணிக்க நல்ல அடையாளம். 1912-ல் சக்கரவர்த்தி முடி துறந்த பிறகு இந்த அங்கிகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கித் தலையணை உறையாகவும் கைப்பையாகவும் வெட்டினார்கள். கேட்கவே வயிறு எரியும். ஆனாலும் வெட்டாமல் விட்ட எத்தனையோ அங்கிகள் பூச்சி அரித்துப் போயின. தலையணை உறையாக நாலு தலைமுறை கண்ணாடி அலமாரியில் இருந்ததால் பிழைத்த துண்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

தைத்தவர்கள் யார் என்று கேட்டால் அநேகமாகப் பேர் கிடையாது. பேர் தெரிந்தவர்களில் ஷென் ஷோ என்ற அம்மாளைச் சொல்லலாம், 1874-ல் பிறந்தவர். இத்தாலிய ராணியின் உருவத்தைப் பட்டில் தைத்து 1911-ல் டூரின் கண்காட்சிக்கு அனுப்பியவர். நோயில் படுத்திருந்த கடைசிக் காலத்தில் அவர் தையல் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சாங் ஜியான் என்ற பெரிய மனிதர் எழுதிப் புத்தகமாக்கினார். 1921-ல் அந்த அம்மாள் போய்விட்டார். அந்தப் புத்தகம் வந்திராவிட்டால் பாதித் தையலுக்கு நமக்குப் பேரே தெரிந்திருக்காது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, கேட்கிறது. அந்த ஓர மேசையில் மூன்று துண்டுகள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒன்று கைப்பட்டி, ஒன்று பதவிச் சதுரம், இன்னொன்றை நீங்களே பாருங்கள். மூன்றில் ஒன்று மெஷின் தையல். எது என்று நான் சொல்லப்போவதில்லை. லென்ஸும் பக்கத்தில் இருக்கிறது. திருப்பிப் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள். காபி டம்ளரோடு யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.